பூட்டிய கதவின் முன் ஒரு விடுகதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். திரை இல்லாமல், தாளும் பென்சிலும் பகடையும் பேச்சும் மட்டுமே கொண்டு ஆடப்படும் ஒரு விளையாட்டைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அக்கட்டுரையின் பிற்பகுதியில், சண்டைக் காட்சிகளை அமைப்பதுதான் கடினம், புதிர்க் காட்சி வேண்டுமானால் பாட்டி சொன்ன விடுகதை ஒன்றை எடுத்து ஒரு பூதத்தின் வாயில் வைத்துவிட்டால் போதும் என்ற பொருளில் ஒரு கருத்து இருந்தது. எங்கள் குடியிருப்பின் பிள்ளைகளுக்காக ஆறு ஆண்டுகளாக ஞாயிறு பிற்பகல்களில் இவ்விளையாட்டைத் தமிழில் நடத்திவருகிறேன். அந்த ஒரு கருத்தை நம்பிப் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள், நான் பட்ட ஏமாற்றத்தையே படுவார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற ஊரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். எங்கள் மேசையில் கதைசொல்லி என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பாத்திரமேற்று, தாம் செய்வதைச் சொல்லச் சொல்லக் கதை நகரும். விளைவு உறுதியில்லாத இடங்களில் இருபது முகப் பகடையை உருட்டி முடிவு காண்போம்.

நான் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் அமைத்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். மலையடிவாரத்து நிலவறை ஒன்றின் கல்கதவு. கதவில் செதுக்கப்பட்ட முகம் வாய் திறந்து, ‘அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள், அவர்கள் யார்?’ என்று கேட்கும். அம்மியும் குழவியும் என்று சொன்னால் கதவு திறக்கும்; வேறெது சொன்னாலும் திறக்காது. மேசையில் 12 முதல் 14 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். மிக்சியில் சட்னி அரைபடும் வீடுகளில் பிறந்தவர்கள். அவர்களில் இருவர் அம்மியைப் பார்த்ததே திருமண மேடையில் மணப்பெண் மிதிக்கும் கல்லாகத்தான்; அதன்மேல் குழவி ஓடி ஒருவரும் கண்டதில்லை. பூமியும் நிலாவும் என்றான் ஒருவன். சாலையும் பேருந்தும் என்றான் இன்னொருவன். எப்போதும் குறைவாகப் பேசும் ஒரு சிறுமி தயங்கித் தயங்கி, ‘கடலும் அலையுமா?’ என்று கேட்டாள். என் தாளில் அந்த விடை இல்லை. எனவே இல்லை என்றேன். நாற்பது நிமிடம் கதவு திறக்கவில்லை. ஒருவன் கைபேசியை எடுத்தான், ஒருத்தி தாகமாக இருக்கிறது என்று எழுந்து போனாள், கடைசியில் நானே விடையைச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஆனால் அன்று அவர்கள் எதையும் வென்றிருக்கவில்லை.

அந்த விடுகதையில் குறை இல்லை. பலர் நாவில் தேய்ந்து மெருகேறிய விடுகதை அது. குறை என் காட்சியமைப்பில் இருந்தது. ஒரே ஒரு வழியை வைத்து, அந்த வழிக்கு ஒரே ஒரு சாவியை வைத்து, அந்தச் சாவியைப் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு வெளியே ஒளித்து வைத்திருந்தேன். அதன்பின் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: புதிர்க் காட்சியை எழுதும்போது சரியான விடையை எழுதுவதற்கு முன்பே, தவறான விடைக்கு என்ன நடக்கும் என்பதை எழுதிவிட வேண்டும். தவறான விடைக்கு ‘ஒன்றும் நடக்காது’ என்று எழுத நேர்ந்தால் அந்தக் காட்சியை மேசைக்குக் கொண்டு வரக் கூடாது. சண்டையில் வாள் தவறினால் எதிரி திருப்பித் தாக்குகிறான், கதை நகர்கிறது. மதிலில் கால் வழுக்கினால் கீழே விழுகிறோம், அதிலும் கதை நகர்கிறது. விடுகதையில் மட்டும் தோல்வி என்பது வெறும் மௌனமாக நின்றுவிடுகிறது. கட்டுரையாளர் எளிதென்று கருதிய காட்சி எளிதல்ல என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், இக்கேள்வி உண்மையில் யாரிடம் கேட்கப்படுகிறது என்பது. வாள் வீசுவது பாத்திரம். விடுகதைக்கு விடை தேடுவதோ நாற்காலியில் அமர்ந்திருக்கும் பிள்ளை. தொடக்க காலத்தில் இதை ஒரு சிறப்பாகவே கருதினார்கள். 1975ஆம் ஆண்டு ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டில் போட்டிக்காகக் கைகாக்ஸ் நடத்தி, 1978இல் அச்சில் வெளிவந்த கல்லறைச் சாகசம் (மேசையில் ஆடுவதற்கென்றே எழுதப்பட்ட கதை) ஒன்றில், நுழைவுக் கூடத்தின் தரையிலேயே ஒரு புதிர்ச் செய்யுள் பதிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு வழி காண வேண்டியவர் ஆட்டக்காரர். அவருடைய பாத்திரத்தின் தாளில் எழுதியிருக்கும் புத்திக்கூர்மை எண் அங்கே உதவாது. போட்டிக்கு அது பொருத்தம். வாரந்தோறும் கூடும் ஒரு மேசைக்கு அது பொருத்தமில்லை என்பது என் எண்ணம். புத்திக்கூர்மை 18 உள்ள கிழட்டு மந்திரவாதியாக ஆடும் சிறுவனுக்கு விடை தோன்றாமல், புத்திக்கூர்மை 8 மட்டுமே உள்ள காட்டு மல்லனாக ஆடும் அவன் அக்கா நொடியில் சொல்லிவிட்டால், அவன் ஏற்ற பாத்திரத்தின் பெருமை அங்கேயே உடைகிறது.

அதற்காகப் பகடையை உருட்டி விடையைக் கையில் கொடுத்துவிடுவதும் முறையல்ல; அப்படிச் செய்தால் விடுகதையே தேவையில்லை. நான் கண்ட நடுவழி, பகடைக்கு விடையைத் தராமல் குறிப்பைத் தருவது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி நடுத்தரக் கடினத்துக்கு, பகடையும் புத்திக்கூர்மைக்கான கூட்டல் கழித்தலும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு எண் 15. புத்திக்கூர்மை 18 உள்ளவருக்கு 4 கூடும் என்பதால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும்; பாதிக்குப் பாதி வாய்ப்பு. 8 உள்ளவருக்கு 1 குறையும் என்பதால் 16 விழ வேண்டும். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இலக்கை எட்டினால் கதைசொல்லி, ‘இந்தச் சொற்களை நீ ஓர் அடுப்படியில் கேட்டிருக்கிறாய்’ என்று மட்டும் சொல்வார். மந்திரவாதிக்கு உரிய மதிப்பு கிடைக்கிறது; விடை காணும் மகிழ்ச்சியும் பிள்ளையிடமே இருக்கிறது.

நல்ல முன்மாதிரிகளும் இருக்கின்றன. லாரன்ஸ் ஷிக் எழுதி 1979இல் வெளிவந்த வெண்புகை எரிமலைச் சாகசத்தில் இரண்டு புதிர்கள் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கவை. ஒன்றில், பெண்முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் ஒரு செய்யுள் புதிரைச் சொல்லும், விடை நிலா. மற்றொன்றில் பிணத்தசையால் தைத்து உயிர் கொடுக்கப்பட்ட ஐந்து பூதங்கள் 5, 7, 9, 11, 13 என்ற எண்களை மார்பில் தாங்கி நிற்கும். தங்களில் ஒருவன் இவ்வரிசைக்கு உரியவன் அல்லன், அவன் யாரென்று 60 விநாடிக்குள் சொல்லுங்கள் என்று கேட்கும். 9 மட்டும் பகா எண் அல்ல. சரியாகச் சொன்னால் அந்த பூதம் உங்களுக்கு ஊழியனாகும், மற்றவை வழிவிடும், தவறினால் சண்டை. இதில் விடை தவறினாலும் கதை நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். காலக்கெடுவும் கதைக்குள்ளிருந்தே வருகிறது.

இவ்விரண்டையும் தமிழில் ஆடிப் பார்த்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. எண் புதிர் எந்த மொழிக்கும் அப்படியே வந்துவிடுகிறது. நிலாப் புதிர் வரவில்லை. அந்தச் செய்யுள் நிலாவைப் பெண்ணாகப் பேசுகிறது, ஓநாய்கள் அதை வழிபடுவதாகவும் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு நிலா அம்புலிமாமா. ஓநாய்க்கும் நிலாவுக்கும் உள்ள உறவு ஐரோப்பியக் காட்டு வழக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டபோது ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு அதே இடத்துக்கு நானே ஒன்றைக் கட்டினேன்: ‘பதினைந்து நாள் பருப்பான், பதினைந்து நாள் இளைப்பான், குளத்தில் விழுந்தாலும் நனையான்.’ ஒரு நிமிடத்துக்குள் மூவர் ஒரே குரலில் விடை சொன்னார்கள். விடுகதை என்பது கேட்பவரும் சொல்பவரும் ஒரே உலகத்தில் வாழ்வதற்கான சான்று. இன்னொருவர் உலகத்திலிருந்து எடுத்த விடுகதையை வைக்க வேண்டுமானால், அந்த உலகத்தை முதலில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இங்கிருந்துதான் நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கதவு ஏன் விடுகதை கேட்கிறது? கள்வரைத் தடுக்க நினைக்கும் எவரும் சாவியைப் பற்றிய குறிப்பைக் கதவிலேயே எழுதி வைக்க மாட்டார். பூட்டுக்குப் பதிலாக விடுகதையை வைத்தவர், தம்மவரை உள்ளே விட்டு அயலாரை வெளியே நிறுத்த விரும்பியவராகத்தான் இருக்க முடியும். தம்மவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, தம்மவர் மறந்தாலும் நினைவுக்கு வரும்படி, அயலார் கேட்டாலும் விளங்காதபடி சொல்லி வைத்திருக்கிறார். எனவே கதவின் பின்னால் இருப்பவர்கள் யார், எதை உண்டார்கள், எதை வணங்கினார்கள் என்று கதைசொல்லிக்குத் தெரியாமல் அந்தக் கதவுக்கு விடுகதை எழுத முடியாது. தெரிந்துவிட்டாலோ விடுகதை தானாக வந்துவிடுகிறது. கிரேக்கக் கதையின் தீப்ஸ் நகர ஸ்பிங்ஸ் கேட்ட கேள்வியும் அப்படிப்பட்டதே: காலையில் நான்கு கால், நண்பகலில் இரண்டு, மாலையில் மூன்று. விடை மனிதன். அதைச் சொன்ன ஈடிபஸுக்குத் தான் யாருடைய மகன் என்பது மட்டும் தெரியாது. அந்த விடை அவன் வாழ்க்கையையே தொட்டு நிற்பதால்தான் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் காட்சி வாழ்கிறது.

நம் மொழியில் இதற்கு அடித்தளம் மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி என்ற பெயரில் ஓர் இலக்கிய வகையாகவே வைத்து, ஒப்புமையால் அமைவது, தோன்றுவதைச் சொல்லித் துணிய வைப்பது என இரண்டாகப் பகுக்கிறது. முதல் வகைக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு ‘பிறை கவ்வி மலை நடக்கும்.’ விடை யானை. நான்கே சொற்கள். மேசையில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை, ஏனென்றால் இங்கே விடுகதை காதால் கேட்கப்படுவது. நீளமான செய்யுளானால் இரண்டு நிமிடத்தில் சொற்கள் மறந்துபோகும். நீளமானதை வைக்க நேர்ந்தால் ஓலைச்சுவடி அளவுக்கு வெட்டிய தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இந்தப் பிசியை வைத்து அமைத்த காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பிள்ளைகள் ஒரு மலைக் கணவாயைக் கடக்க வேண்டும். கணவாயின் தலைப்பில் பார்வையிழந்த காவல்காரக் கிழவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எந்த வழியில் போகலாம் என்று கேட்டால், ‘பிறை கவ்வி மலை நடக்கும் வழியில் போனால் தண்ணீர் உண்டு, ஆனால் அது நடக்கும் நேரத்தில் போகாதீர்கள்’ என்று மட்டும் சொல்வார். விடையைக் கேட்டு அவர் ஒருவரையும் தடுப்பதில்லை. மூன்று பாதைகள் திறந்தே கிடக்கின்றன. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் 2008இல் எழுதிய ஓர் அறிவுரை இவ்விளையாட்டை நடத்துபவர்களிடையே பரவலாக அறியப்பட்டது: ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமென்று நினைக்கிறீர்களோ, அதற்குக் குறைந்தது மூன்று தடயங்களையாவது வையுங்கள். அவர் துப்பறியும் கதைகளுக்காகச் சொன்னதை நான் விடுகதைக்குப் பொருத்தினேன். ஒரு பாதையின் ஓரத்து மரத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே, காய்ந்த சேறு அப்பியிருக்கிறது. சற்று உள்ளே மூங்கில்கள் முறிந்து கிடக்கின்றன. இன்னும் உள்ளே நார் நாராக லத்தி. வேட்டைக்காரியாக ஆடியவளுக்கு மூங்கில் தெரிந்தது. மூலிகை வைத்தியனாக ஆடியவன் லத்தியைக் கிளறிப் பார்த்தான். மரத்துச் சேறு எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் மலை என்ற சொல்லிலேயே நின்று, நகரும் பாறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, ‘சேறு இவ்வளவு உயரத்துக்கு எப்படி வரும்?’ என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு மேசையில் ஒரு கணம் அமைதி. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

விடை தெரிந்துவிட்டதால் பொழுது சாய்ந்து யானைகள் நீரருந்திச் சென்றபின் அந்த வழியில் இறங்கினார்கள். தெரியாமல் போயிருந்தால்? அதையும் முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அதே பாதையில் தவறான நேரத்தில் இறங்கிக் குட்டியோடு வரும் கூட்டத்தின் எதிரே நின்றிருப்பார்கள், அல்லது மற்ற இரு பாதைகளில் ஒன்றில் தண்ணீரில்லாமல் ஒரு நாள் நடந்து களைத்துப்போய் ஊர் சேர்ந்திருப்பார்கள். இரண்டுமே கதைதான். வேறொரு குழுவோடு ஆடியபோது முதலாவதே நடந்தது. அந்தப் பிள்ளைகள் இன்றும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மகாபாரதத்தின் யட்சப் பிரசினத்தைக் குறிப்பிடாமல் இப்பொருளை விட முடியாது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் இந்நிகழ்ச்சி நச்சுப்பொய்கைச் சருக்கம் என்ற பெயரில் வருகிறது. வியாசர் சொல்லும் கதையில், நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன் என ஒவ்வொருவராகப் பொய்கைக்குச் சென்று, கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நீரைத் தொடு என்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் குடித்து வீழ்கிறார்கள். புதிர்க் காட்சிக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. வருபவனுக்குத் தாகம் என்ற அவசரம் இருக்கிறது, எச்சரிக்கை முன்கூட்டியே தரப்படுகிறது, அதை மீறினால் நேரும் விளைவு கண்ணெதிரே கிடக்கிறது, கேட்பவருக்குக் கேட்பதற்கான சொந்தக் காரணமும் இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர், யட்சன் உருவில் மகன் தருமனைச் சோதிக்க வந்த தருமதேவதை. ஆனால் இதை அப்படியே மேசைக்குக் கொண்டு வந்தால் நான்கு பிள்ளைகள் வீழ்ந்து கிடக்க, ஒரு பிள்ளை மட்டும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். படிக்கும்போது மெய்சிலிர்க்க வைக்கும் அமைப்பு, ஆடும்போது நான்கு பேரை வெறுமனே உட்கார வைத்துவிடுகிறது.

நான் செய்த மாற்றம் சிறியது. வீழ்ந்தவர்களின் பாத்திரத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நான்கு பிள்ளைகளையும் யட்சனின் நான்கு குரல்களாக்கினேன். கேள்விகளை அவர்களே கேட்க வேண்டும், விடையை அவர்களே எடைபோட வேண்டும். தங்கள் உயிர் தங்கள் நண்பனின் விடையில் தொங்கினாலும் பொய்யாக ஏற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. காற்றினும் விரைவானது எது என்ற கேள்விக்கு இதிகாசத்தின் விடை மனம். நின்றுகொண்டிருந்த சிறுவன் சற்று யோசித்து, ‘வதந்தி’ என்றான். அவன் ஏற்றிருந்த பாத்திரம், ஊரார் பேச்சால் பழி சுமந்து நாடு நீங்கிய ஒரு வீரன். நான்கு குரல்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டு அதை ஏற்றன. நான் தலையிடவில்லை. மூல விடையைவிட அந்த மேசைக்கு அதுவே மெய்யான விடை.

யட்சனின் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகப் பெரிய பாடம். ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யாரை வேண்டுகிறாய் என்று கேட்கும்போது, தருமன் பீமனையோ அர்ச்சுனனையோ கேட்காமல், சிற்றன்னை மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்று நகுலனைக் கேட்கிறான். அதற்கு முந்தைய கேள்விகள் அவன் அறிவைக் கேட்டன. இது அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறது. இங்கே ஆட்டக்காரருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலிருந்த சிக்கல் மறைந்துவிடுகிறது. கூர்மையான பிள்ளைக்கு இங்கே மேலதிக வசதி ஒன்றும் இல்லை, யாரும் இதைக் கைபேசியில் தேடவும் முடியாது. எனவே என் புதிர்க் காட்சிகள் எல்லாவற்றையும் இப்போது இப்படியொரு தேர்வில்தான் முடிக்க முயல்கிறேன். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் செய்வதும் இதற்கு அருகில் வருகிறது: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். சரியான விடைக்கும் ஒரு விலை வைத்த அந்த அமைப்பை இன்னும் முழுமையாக மேசையில் ஆடிப் பார்க்கவில்லை.

எல்லா விடையும் சொல்லாகவே வர வேண்டும் என்பதும் இல்லை. ‘சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா’ என்று மரத்தின் மேலிருந்த சிறுவன் ஔவையாரைக் கேட்ட கதையில், அவர் எந்த விடையையும் சொல்லி வெல்வதில்லை. மண்ணில் விழுந்த நாவற்பழத்தை எடுத்து ஊதுகிறார். ஊதிய பிறகுதான் கேள்வியின் பொருள் அவருக்கே விளங்குகிறது. பேசத் தயங்கும் பிள்ளைகள் இருக்கும் மேசையில், கையால் செய்து அவிழ்க்கும் இத்தகைய புதிர் ஒரு வரம்.

இனி, தாளில் இல்லாத விடையை ஏற்பதைப் பற்றி. இங்கிலாந்தின் எக்சிட்டர் சுவடியில் பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட புதிர்ப் பாடல்கள் உள்ளன. சுவடியில் விடைகள் தரப்படவில்லை, சிலவற்றுக்கு அறிஞர்கள் இன்றும் வெவ்வேறு விடை சொல்கிறார்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருசேரப் பொருந்தும்படி ஒரே வெண்பாவைப் பாடியதை நம்மில் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். சிலேடையை நயமென்று போற்றும் மொழியில் பிறந்த நான், ஒரு சிறுமி என் விடுகதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்திய விடையைச் சொன்னபோது, தாளில் இல்லை என்பதற்காக மறுத்தேன். கடல் படுத்திருக்கிறது, அலை ஓடித் திரிகிறது, கடல் தாய், அலை மகள். அந்த விடையில் என்ன பிழை? எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் விடை எதுவானாலும் அது சரியான விடை என்று விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கல்கதவைச் சென்ற ஆண்டு புதிய பிள்ளைகளோடு மீண்டும் அமைத்தேன். கதவுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே, மலையடிவாரத்து ஊரில் ஒரு கிழவி வீட்டில் அவர்கள் இரவு தங்குகிறார்கள். அவள் அம்மியில் மிளகு அரைக்கிறாள், குழவியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒருவனை அழைக்கிறாள், ‘தாயைக் கழுவாமல் மகளைக் கழுவாதே’ என்று அதட்டுகிறாள். நிலவறை அந்த ஊரார் பஞ்ச காலத்துக்காகத் தானியம் சேர்த்து வைத்த களஞ்சியம். அடுப்படியை அறிந்தவருக்கு மட்டுமே திறக்க வேண்டும் என்று அவ்வூர்ப் பெண்கள் அமைத்த கதவு அது. முகம் கேட்கும் கேள்வி பழைய கேள்வியேதான். இம்முறை, எந்த விடையைச் சொன்னாலும் கதவு திறக்கும். அம்மியும் குழவியும் என்றால் தானியக் குதிர்கள் நிற்கும் அறை. பூமியும் நிலாவும் என்றால் கூரையில்லாத ஒரு முற்றம், தலைக்கு மேலே வானம், காவலுக்கு நிற்கும் ஏதோ ஒன்று. கடலும் அலையும் என்றால் வாசற்படி வரை உப்பு நீர் ஏறி நிற்கும், தூரத்தில் ஒரு விளக்கு தெரியும்.

அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், புதிர்க் காட்சி பற்றிய பகுதியில் தவறான விடைக்கும் ஒரு கதை வேண்டும் என்பதைச் சேர்த்து எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன கல்கதவுக் காட்சியை, பகடை இலக்குகளோடும் மூன்று அறைகளின் விவரத்தோடும், இரண்டு பக்கத்தில் அடங்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். சிறுவர் பக்கத்தில் இடமிருந்தால் அனுப்பித் தருகிறேன். முன்பு கடலும் அலையும் என்று சொன்ன சிறுமி இப்போது கல்லூரி செல்கிறாள். மூன்றாவது அறையை எழுதியவள் அவள்தான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி